குழப்பக்காரர்களுக்காகப் பிறந்த விளையாட்டு



சனிக்கிழமை மாலையில் நியூ லின்னில் நம் வாலிபர் கூடைப்பந்து விளையாடுவது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் மற்றச் சபைகளின் வாலிபரோடு ஒரு போட்டி இருக்கிறது. அதற்குப் பத்துப் பேர் கொண்ட பட்டியல் தர வேண்டும். ஒன்பது பெயர்களை ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டோம். பத்தாவது பெயரில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அது நம் தம்பி ஒருவருடைய பெயர். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். பெயரைப் போடாமல் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். போன ஆண்டு அவருக்கு நல்ல ஆண்டாக இல்லை. படிப்பு பாதியில் நின்றது. வீட்டில் பேச்சு குறைந்தது. ஆராதனைக்கு வருவதும் நின்றது. கடைசியாக ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில் எதிரணித் தம்பியைப் பிடித்துத் தள்ளி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. ஐந்து மாதம் கழித்து இப்போது ஒரே வரியில் செய்தி அனுப்பியிருக்கிறார்: விளையாட வரலாமா?

"குளிரிலும் மழையிலும் தவறாமல் வந்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?" என்றார்கள் சிலர். "இப்போது இடம் இல்லை என்று சொன்னால், இன்னொரு முறை அவன் கேட்கமாட்டான்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். பேச்சு சூடேறியபோது, ஊரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் சபைப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "நீங்கள் விளையாடுகிற இந்த விளையாட்டு யாருக்காக உண்டானது என்று தெரியுமா? முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார். படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பள்ளியை விட்டு ஓடிய பையன்

கூடைப்பந்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1861இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்மான்ட் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தவர். 1870இல் அவருக்கு ஒன்பது வயது நடக்கும்போது, டைபாய்டு காய்ச்சலில் தகப்பனும் தாயும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். படிப்பில் மனம் நிற்கவில்லை. பதினைந்து வயதளவில் பள்ளியை விட்டுவிட்டு, மரம் வெட்டும் முகாம்களுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து முகாம் வாழ்க்கை ஒரு சிறுவனுக்கு ஏற்றதல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தார். தன்னைவிட வயதில் சிறியவர்களோடு அதே பள்ளியில் மறுபடியும் உட்கார்ந்து படித்து முடித்தார். பிறகு மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகம், அதன்பின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி. போதகராக வேண்டும் என்பதே அப்போது அவருடைய எண்ணம்.

அங்கேதான் ஒரு சிறு சம்பவம் நடந்தது. இறையியல் மாணவரான அவர் ரக்பி கால்பந்து விளையாடுவது கூடப் படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவருக்காக ஜெபம்கூடச் செய்தார்களாம். ஒருநாள் ஆட்டத்தில், அவருக்கு அடுத்த இடத்தில் நின்று ஆடியவர் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார். உடனே நைஸ்மித்தைத் திரும்பிப் பார்த்து, நீ பக்கத்தில் நிற்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார். நைஸ்மித் அவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றது மட்டும்தான்.

அந்தச் சொல் நைஸ்மித்தை யோசிக்க வைத்தது. பிரசங்க பீடத்தில் ஏறாமலும் ஒரு மனிதனுக்கு நன்மை செய்ய முடியும் என்று அன்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1890இல் இறையியல் படிப்பை முடித்தவர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

யாராலும் அடக்க முடியாத வகுப்பு

1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி. கால்பந்துக் காலம் முடிந்துவிட்டது. உள்ளரங்கில் தினமும் உடற்பயிற்சி மட்டும்தான். ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்களாகப் பயிற்சி பெற வந்த பதினெட்டு வாலிபர் அடங்கிய ஒரு வகுப்புக்கு இது அலுத்துப்போனது. சொன்னதைக் கேட்பதில்லை, பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். மூன்றாவதாக அந்த வகுப்பு நைஸ்மித்தின் தலையில் விழுந்தது.

உடற்கல்விப் பிரிவின் தலைவர் லூதர் குலிக் அவருக்குப் பதினான்கு நாள் கொடுத்தார். உள்ளரங்கில் ஆடக்கூடிய, இவர்களைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரு புது விளையாட்டு வேண்டும். நைஸ்மித் கால்பந்தை உள்ளே கொண்டுவந்து பார்த்தார். லக்ராஸ் விளையாட்டை மாற்றிப் பார்த்தார். எல்லாம் அடிதடியில்தான் முடிந்தன. தவணை முடியும் நேரத்தில்தான் ஒரு யோசனை வந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்றால், ஓடுகிறவனை ஒருவரும் பிடித்து விழத்தாட்ட மாட்டார்கள். இலக்கைத் தலைக்கு மேலே வைத்தால், முரட்டுத்தனமாக எறிவதில் பயனில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருக்கிறது என்று அவர் கொண்டுவந்தார். அதையே மாடிச் சுவரில் பத்தடி உயரத்தில் அடித்தார். பதின்மூன்று விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். டிசம்பர் 21 அன்று பக்கத்துக்கு ஒன்பது பேராக முதல் ஆட்டம் நடந்தது. விழுந்த கூடை ஒன்றே ஒன்று. வில்லியம் சேஸ் என்பவர் போட்டது.

எல்லாரும் உடனே திருந்திவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 1939இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நைஸ்மித்தே சொன்னார்: ஆரம்பத்தில் தள்ளும் குத்துமாகத்தான் இருந்தது, கண் வீங்கியவர்களும் தோள் விலகியவர்களும் உண்டு.

அந்த வகுப்பின் குழப்பக்காரர்களில் முன்னால் நின்றவர் ஃபிராங்க் மாஹன். புது விதிகளைப் பலகையில் பார்த்ததும் சலித்துக்கொண்டவர் அவர்தான். முதல் ஆட்டத்துக்குப் பிறகு அந்த விதித்தாள் பலகையிலிருந்து காணாமல் போனது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த மாஹன் நைஸ்மித்திடம் போய், நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். இந்த விளையாட்டு நிலைக்கும் என்று தோன்றியதால் நினைவுக்காக எடுத்து வைத்தாராம். பிறகு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். உங்கள் பெயரையே வைக்கலாமே என்றார். நைஸ்மித் சிரித்துவிட்டு மறுத்தார். அப்படியானால் கூடைப்பந்து என்று வைப்போம் என்றார் மாஹன். இன்று உலகம் முழுவதும் சொல்லுகிற அந்தப் பெயரை வைத்தவர், ஆசிரியர்களைத் துரத்தியடித்த அந்த வகுப்பின் தலைவன்.

ஐந்தாம் விதி

எங்களை நிறுத்தி வைத்தது அந்தப் பதின்மூன்றில் ஐந்தாவது விதி. எதிராளியைத் தள்ளினால், பிடித்தால், இடறினால், அடித்தால், முதல் முறை அது ஃபவுல். இரண்டாவது முறை செய்தவன் வெளியே போக வேண்டும். எதுவரைக்கும்? அடுத்த கூடை விழும்வரைக்கும். விழுந்துவிட்டால் உள்ளே வரலாம். காயப்படுத்த வேண்டும் என்றே செய்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் வெளியே. அவனுக்குப் பதில் மாற்று ஆள் கிடையாது.

இதைக் குழுவில் வாசித்தபோது சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. தண்டனை இருக்கிறது, அதோடு திரும்பி வர ஒரு வாசலும் இருக்கிறது. பெரிய தவறு என்றால் ஆட்டம் முழுவதும் வெளியே. ஆனால் அவன் நின்ற இடத்தில் வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தமாட்டார்கள். இடம் காலியாகவே இருக்கும். அவன் இல்லாத குறையைக் கூட ஆடுகிற எட்டுப் பேரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும். இன்றைய விதிகளில் மாற்று ஆட்கள் உண்டு, எல்லாம் மாறிவிட்டன. ஆனால் குழப்பக்கார வாலிபர் பதினெட்டுப் பேரை மனதில் வைத்து முதலில் எழுதிய விதி இதுதான்.

நைஸ்மித் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவருடைய அணி வென்றது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவரே. விளையாட்டை உண்டாக்கியவருக்கு வெற்றிக் கணக்கு பெரிதாக இருக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல்.

நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் வந்த வழி

அந்த முதல் ஆட்டத்தின் அணித்தலைவர்களில் ஒருவர் டங்கன் பேட்டன். 1894இல் கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரையே சொல்கிறார்கள். 1920இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு போனவரும் பக்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலோடு நின்ற பி.டி. மாஸ்டர்களில் பலர் அந்த வளாகத்தில் பயின்றவர்கள். கடைசி பெஞ்சில் அடங்காமல் இருக்கிற பையனைக் கூப்பிட்டு, "டேய், நீதான் கேப்டன்" என்று பந்தைக் கையில் கொடுத்த மாஸ்டரை நம் அப்பாமார் இன்றும் சொல்வார்கள். அது அந்த மாஸ்டரின் சொந்தத் தந்திரம் மட்டுமல்ல, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்த பழக்கமும்கூட. பின்னாளில் சென்னையிலிருந்து வந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், "எங்களுக்குக் கரப்பந்துதான்" என்பார்கள். அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான். 1895இல் அதை உண்டாக்கிய வில்லியம் மார்கன் ஒய்.எம்.சி.ஏ.யில் வேலை செய்தவர், நைஸ்மித்தை அறிந்தவர்.

நம் ஆக்லாந்துக்கு வந்த வழி இன்னும் அருமை. 1906இல் ஜே. சி. ஜேமிசன் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர், வேதபாட வகுப்பு வாலிபரிடையே ஊழியம் செய்தவர், இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தை அறிமுகப்படுத்தினார். அது பெண்களின் விளையாட்டாக வளர்ந்து, 1970இல்தான் நெட்பால் என்று பெயர் மாறியது. ஆகவே இந்த நகரத்தில் சபை வாலிபர் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவது நேற்று வந்த பழக்கமல்ல.

ரோட்டோருவாவின் கடைக்குட்டி

இனி நம் காலத்துக்கு வருவோம். ஸ்டீவன் ஆடம்ஸை உங்களில் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். 1993இல் ரோட்டோருவாவில் பிறந்தவர். மிகப் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. குண்டு எறிதலில் 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களைப் பெற்ற வலரி ஆடம்ஸ் அவருடைய அக்கா. தகப்பன் சிட் ஆடம்ஸ் என்றால் ஸ்டீவனுக்கு உயிர். 2006இல் புற்றுநோயில் அவர் இறந்தபோது ஸ்டீவனுக்கு வயது பதின்மூன்று.

அதன்பிறகு பையன் பள்ளிக்குப் போவதையே விட்டுவிட்டான். காலையில் கிளம்புவது, எங்கேயாவது சுற்றுவது, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது. நம் வீடுகளிலும் இப்படி ஒரு பருவத்தைப் பார்த்த பெற்றோர் உண்டு. துக்கத்தில் இருக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

அவருடைய அண்ணன் வாரன் வந்து, தம்பியை ரோட்டோருவாவிலிருந்து வெலிங்டனுக்குக் கூட்டிப்போனார். அங்கே பிளாசம் கேமரன் என்ற அம்மையார் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். கென்னி மெக்ஃபேடன் பயிற்சி கொடுத்தார். மெக்ஃபேடன் அமெரிக்காவிலிருந்து வெலிங்டன் செயின்ட்ஸ் அணிக்கு ஆட வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். விடியற்காலையில் பயிற்சி. அதற்கு ஒரு நிபந்தனை: பள்ளிக்குப் போனால்தான் பயிற்சி. ஸ்காட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது. பதின்மூன்று வயதில் படிப்பை விட்ட பையன் அங்கே மற்றவர்களோடு ஈடுகொடுக்கப் படாதபாடு பட்டான். ஆனாலும் போனான், ஏனென்றால் காலையில் அவனை எதிர்பார்த்து ஓர் அணி நின்றது.

2011இல் அவர் செயின்ட்ஸ் அணிக்கு ஆடினார். பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். 2013இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் பன்னிரண்டாவது ஆளாக ஒக்லஹோமா சிட்டி அணி அவரை எடுத்தது. முதல் சுற்றிலேயே தேர்வான முதல் நியூசிலாந்துக்காரர் அவர்தான்.

அவர் ஆடுகிற விதத்தைக் கவனித்துப் பாருங்கள். அதிகமாகக் கூடை போடுகிறவர் அல்ல. கூட ஆடுகிறவனுக்கு வழி கிடைக்கும்படி எதிராளியின் பாதையில் மலைபோல நின்றுகொடுப்பார். தன் அணியில் ஒருவர் எறிந்து தவறவிட்ட பந்தைத் தாவிப் பிடித்து, அணிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுப்பார். அந்த வேலையில் 2021-22 பருவத்தில் அந்த லீகிலேயே முன்னால் நின்றார். மற்றவர் தவறவிட்டதைக் கீழே விழவிடாமல் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று, வெலிங்டனில் தன்னை அப்படி எடுத்தவர்களிடம் கற்றுக்கொண்டாரோ என்னவோ. விடுமுறையில் ஊருக்கு வரும்போது சிறுவர்களுக்கு இலவசப் பயிற்சி முகாம்கள் நடத்தி வந்திருக்கிறார்.

பந்து யாரையும் மீட்பதில்லை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளையாடினால் பிள்ளை திருந்திவிடும் என்று நாங்கள் எழுதவில்லை. விளையாட்டில் புகழ் பெற்றுக் கெட்டுப்போனவர்களும் உண்டு. திட்டியே பிள்ளைகளை நொறுக்குகிற பயிற்சியாளர்களும் உண்டு. அணி என்ற பெயரில் பலவீனமானவனைக் கேலி செய்கிற கூட்டமும் உண்டு. ரப்பர் பந்துக்கு ஒருவரையும் மீட்கிற வல்லமை இல்லை.

நைஸ்மித்தின் கதையிலும் ஸ்டீவனின் கதையிலும் நாம் பார்ப்பது வேறு. இரண்டு பேரும் சிறுவயதில் தகப்பனை இழந்தவர்கள், பிறகு பள்ளியை விட்டவர்கள். ஸ்டீவனைத் தேடி ஓர் அண்ணன் போனார், ஓர் அம்மையார் வீட்டைத் திறந்தார், ஒரு பயிற்சியாளர் நிபந்தனையோடு காத்திருந்தார். அன்பு மட்டும் இருந்து நிபந்தனை இல்லாதிருந்தால் பையன் அப்படியே இருந்திருப்பான். நிபந்தனை மட்டும் இருந்து வீடு இல்லாதிருந்தால் ஓடிப்போயிருப்பான். அணி இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது. நீ வராவிட்டால் எங்களுக்கு ஒரு ஆள் குறைவு என்று அது சொல்லுகிறது. அதே மூச்சில், வந்தால் விதிப்படி ஆட வேண்டும் என்றும் சொல்லுகிறது.

வேதாகமத்தில் இதே வழக்கு நடந்திருக்கிறது. முதல் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்கு என்ற வாலிபனை மறுபடியும் கூட்டிப்போகலாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம். பவுல் முடியாது என்றார். பர்னபா கூட்டிக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து எழுதும்போது, அந்த மாற்குவை அழைத்துவரும்படி கேட்டவர் அதே பவுல்தான். அன்று நம் குழுவில் பேசிய இரண்டு பக்கத்தாருக்கும் இதில் ஒரு வார்த்தை இருக்கிறது.

பத்தாவது பெயர்

நியூ லின்னில் போர்ட்டேஜ் ரோடு வழியாக நாம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். மாவோரி மக்கள் வைட்டமாட்டா பக்கமிருந்து ஃபாவ் ஆற்றில் வந்து, தங்கள் படகுகளைக் கரையேற்றி, தரைவழியே மனுக்காவ் பக்கம் கொண்டுபோன பாதை அது. அந்தப் பாதையின் நினைவாகத்தான் அந்தச் சாலைக்கு அந்தப் பெயர். பெரிய படகை ஒருவர் தனியாகக் கரையேற்ற முடியாது. ஒருவர் கையை எடுத்தால் பாரம் மற்றவர்கள் மேல் ஏறும். அப்போது செய்யக்கூடியது, அவர் திரும்பி வந்து கை வைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான்.

கடைசியில் எங்கள் முடிவு இது. பத்தாவது பெயர் பட்டியலில் இருக்கும். தம்பி தான் தள்ளிய பையனின் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். குழுவில் இரண்டு பேர் கூடப் போவோம். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சிக்கு வர வேண்டும். போட்டியின் முதல் ஆட்டத்தில் அவர் வெளியே உட்காருவார். அந்த ஆட்டத்துக்கு அவருடைய இடத்தில் வேறு பெயர் எழுதமாட்டோம். ஒன்பது பேரோடு ஆடுவோம். இரண்டாவது ஆட்டத்தில் அவர் உள்ளே வருவார்.

அவரிடம் இதைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல் ஆட்டத்துக்கு நான் தண்ணீர் போத்தல் எடுத்து வைக்கவா?" என்று கேட்டார்.

இந்தச் சனிக்கிழமை நீங்களும் வாருங்கள். விளையாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் வந்து நில்லுங்கள்.